ஒரு பெட்டிக்குப் பதினான்கு இடம்

என் அக்கா வைத்த பொருள் காணாமல் போனதாகச் சரித்திரமே கிடையாது. பள்ளிக்கூடம் போகிற வயதில் நான் ஒற்றைக் காலுறையை மாட்டிக்கொண்டு, மற்றொன்றைத் தேடி வீடு முழுக்கத் தவழ்ந்துகொண்டிருப்பேன். அவள் தலை வாரி, பையை மாட்டி, வாசலில் தயாராக நிற்பாள். "கட்டிலுக்குக் கீழ, சுவர் ஓரம். நேத்து நீதான் எட்டி உதைச்ச" என்று அங்கிருந்தே குரல் வரும். சொன்ன இடத்தில் சொன்னபடி இருக்கும். அதற்காக அவளை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

நாற்பது தாண்டியும் அந்தக் குணம் போகவில்லை. போகாதது மட்டுமில்லை, அதையே ஒரு வேலையாக்கிக்கொண்டுவிட்டாள். ஊர் ஓரத்தில் ஒரு பெரிய பார்சல் கிடங்கு இருக்கிறது. அங்கே வந்து சேரும் ஒவ்வொரு பெட்டியும் யார் அனுப்பியது, யாருக்குப் போகிறது, இந்த நிமிடம் எந்த அடுக்கில் இருக்கிறது என்ற விவரமெல்லாம் ஒரு டேட்டாபேஸில் கிடக்கிறது. அந்த டேட்டாபேஸைக் கட்டி மேய்ப்பவள் என் அக்கா. நான் குழாய் வேலை செய்கிறவன். கம்ப்யூட்டருக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். இருந்தாலும் இந்தக் கதையை நான்தான் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதில் நடுவே மாட்டிக்கொண்டு முழித்தவன் நான்.

அக்காவும் அத்தானும் மாடியில் குடியிருக்கிறார்கள். நானும் என் மனைவியும் கீழே. என் மனைவியும் அதே கிடங்கில்தான் வேலை பார்க்கிறாள், ஆனால் அக்கா உட்கார்ந்திருக்கும் குளிரூட்டிய கண்ணாடி அறையில் இல்லை. கீழே, தகரக் கூரைக்கு அடியில், ஓடிக்கொண்டே இருக்கும் பெல்ட்டின் ஓரத்தில் ஆறு பெண்கள் வரிசையாக நிற்பார்கள். அதில் மூன்றாவது ஆள் அவள். லாரியிலிருந்து இறங்கும் பெட்டி பெல்ட்டில் வரும். பெட்டி மேல் ஒட்டியிருக்கும் பார்கோடை ஸ்கேனரால் சுட வேண்டும். 'பீப்' என்று சத்தம் வரும். அந்தப் பெட்டியின் விவரம் டேட்டாபேஸில் போய்ச் சேர்ந்ததும் எதிரே பச்சை விளக்கு எரியும். விளக்கு எரிந்த பிறகுதான் பெட்டியை அடுத்த பெல்ட்டுக்குத் தள்ளலாம். அதற்கு முன்னால் தள்ளினால் அந்தப் பெட்டி பிறக்காத பிள்ளை மாதிரி, எந்தக் கணக்கிலும் இருக்காது.

அக்காவின் சமையலறையைப் பற்றி இங்கே சொல்லிவிடுகிறேன். அங்கே டப்பாக்கள் அகர வரிசையில் நிற்கும். அரிசி, உப்பு, கடுகு, சர்க்கரை, பருப்பு, மிளகு. அடுக்கில் விரல் நுழைய இடம் இருக்காது. அத்தான் ஏதோ ஆசைப்பட்டு ஒரு பாக்கெட் எள் வாங்கி வந்துவிட்டார் என்று வையுங்கள். எள் உப்புக்கும் கடுகுக்கும் நடுவில் வர வேண்டும். கடுகிலிருந்து ஒவ்வொரு டப்பாவாக நகர்த்த வேண்டும். அடுக்கில் இடம் போதாது. அதனால் பாதி டப்பாக்களை இறக்கிக் கீழ் அடுக்குக்குக் குடியேற்ற வேண்டும். அதோடு முடிந்ததா? எது எப்போது கெட்டுப்போகும் என்ற வரிசையில் ஒரு அட்டைப் பெட்டி, எந்தக் கடையில் வாங்கியது என்ற வரிசையில் ஒன்று, யாருக்குப் பிடிக்கும் என்ற வரிசையில் இன்னொன்று. எள்ளுக்குப் பெட்டிக்கொரு அட்டை எழுதி அததன் நடுவில் சொருக வேண்டும். அத்தான் எள்ளைக் கையில் வைத்துக்கொண்டு இவ்வளவையும் பார்த்துக்கொண்டு நிற்பார். பாவம், அந்த எள்ளைத் தின்கிற ஆசையே போய்விடும்.

ஆனால் ஒன்று. "எள் எங்கே?" என்று கேட்டு வாயை மூடுவதற்குள் அக்கா எடுத்து நீட்டுவாள். அதில் குறை சொல்லவே முடியாது.

அத்தானுடைய பாணி வேறு. அவர் தன் ஸ்கூட்டரின் சீட்டுக்கு அடியில் உள்ள பெட்டியில் பிஸ்கட், பேட்டரி, ஸ்க்ரூ, மூக்குக்கண்ணாடி எல்லாவற்றையும் திறந்து போட்டு மூடிவிடுவார். போடுவதற்கு ஒரு நொடி. தேடும்போது தெருவில் மொத்தத்தையும் கொட்டி உட்காருவார். அந்தப் பக்கம் போகிறவர்கள் வண்டி கெட்டுவிட்டது என்று நினைத்து உதவிக்கு வருவார்கள்.

என் மனைவி அக்காவுக்கு முதுகுக்குப் பின்னால் வைத்திருக்கும் பெயர் 'லேபிள் அண்ணி'. கிடங்கில் மாடியில் உட்காருகிறவர்கள் வைத்திருக்கும் பெயர் 'மின்னல் மேடம்'. இரண்டும் ஒரே ஆளைத்தான் குறிக்கிறது என்பது எனக்கு மட்டும் வேடிக்கையாக இருக்கும்.

மின்னல் பட்டம் வந்த கதை இது. அக்கா வேலைக்குச் சேர்ந்த புதிதில், "என் பார்சல் என்ன ஆச்சு?" என்று யாராவது புகார்ப் பிரிவுக்கு போன் செய்தால் விடை கிடைப்பதற்குள் அவர்களுக்குக் கோபம் தலைக்கேறிவிடும். பெட்டி எண்ணைச் சொன்னால் உடனே கண்டுபிடித்துவிடலாம். ஆனால் பெட்டி எண்ணை யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்? எல்லோரும் போன் நம்பரைத்தான் சொல்வார்கள். டேட்டாபேஸோ முதல் பெட்டியிலிருந்து கடைசிப் பெட்டி வரை ஒவ்வொன்றாகப் புரட்டும். அக்கா போன் நம்பருக்கு என்று தனியாக ஒரு இண்டெக்ஸ் போட்டாள். புத்தகத்தின் கடைசியில் வார்த்தைகளை வரிசையாக அடுக்கி, எந்தப் பக்கம் என்று எழுதியிருப்பார்களே, அந்த மாதிரி. மறுநாள் கண்ணை மூடித் திறப்பதற்குள் விடை வந்தது. புகார்ப் பிரிவுத் தலைவர் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து கை குலுக்கினாராம். அன்று அக்கா வீட்டுக்கு வந்து அந்தக் கையைக் காட்டினாள்.

வினையும் அங்கேதான் ஆரம்பித்தது. விஷயம் கிடங்கு முழுக்கப் பரவியது. கணக்குப் பிரிவு வந்து, "எங்களுக்கும் ஒண்ணு போட்டுக் குடுங்க மேடம்" என்றது. விளம்பரப் பிரிவு அம்மா, அனுப்பியவர்களின் பிறந்த தேதியை வைத்துத் தேட வேண்டும், வாழ்த்து அனுப்ப வேண்டும் என்றார். இன்னொருவருக்குப் பெட்டியின் எடை. பழைய மேலாளர் ஒருவர் பெட்டியின் நிறத்தை வைத்துத் தேட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். அந்தக் கிடங்கில் இருக்கும் அத்தனை பெட்டியும் பழுப்பு. பழுப்பு என்று தேடினால் கிடங்கு முழுவதும் வந்து நிற்கும். அதற்கும் அக்கா ஒரு இண்டெக்ஸ் போட்டாள். அவர் வேலையை விட்டுப் போயும் காலமாகிறது, இண்டெக்ஸ் மட்டும் உண்மையாக உழைத்துக்கொண்டிருந்தது. யார் வந்து கேட்டாலும் இல்லை என்று சொல்ல அக்காவுக்கு வாய் வராது. தேடுகிறவர் முகம் மலர்வதைப் பார்க்க அவளுக்கு அவ்வளவு பிடிக்கும். போட்டதை எடுத்ததாக மட்டும் கேள்விப்பட்டதில்லை.

இதற்கு நடுவில் கீழே பெல்ட் மெதுவாகிக்கொண்டே வந்தது. ஒரே நாளில் நடந்திருந்தால் யாராவது கூச்சல் போட்டிருப்பார்கள். வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக நடந்ததால் யாருக்கும் உறைக்கவில்லை. பீப்புக்கும் பச்சை விளக்குக்கும் நடுவில் முன்பு மூச்சு விட நேரம் இருக்காதாம். பிறகு ஒரு கொட்டாவி விடலாம். இப்போது பக்கத்து ஆளின் மாமியார் கதையைப் பாதி கேட்டுவிடலாம் என்று என் மனைவி சொன்னாள். பெட்டிகள் குவியும். குவிந்தால் பெல்ட் தானாக நின்று சங்கு ஊதும். வந்த பெட்டியெல்லாம் முடிந்தால்தான் வீட்டுக்குப் போகலாம் என்பது அங்கே சட்டம், அதனால் என் மனைவி வீடு வந்து சேரும்போது கால் இரண்டும் வீங்கியிருக்கும்.

இப்போதைய மேலாளர் ஸ்டாப் வாட்ச்சோடு பிறந்த மனிதர். பெல்ட் ஏன் மெதுவாக இருக்கிறது என்று பார்க்க வந்தார். ஆறு பெண்கள் ஸ்கேனரைப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்பதைப் பார்த்தார். சும்மா நிற்கிறார்கள், அதனால்தான் மெதுவாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டார். முதலில் மணிக்கட்டு நிபுணர் ஒருவரைக் கூட்டி வந்தார். ஸ்கேனரை எந்தக் கோணத்தில் சாய்த்துப் பிடித்தால் வேகம் கூடும் என்று அவர் அரை நாள் பாடம் எடுத்தார். பிறகு புது ஸ்கேனர் வாங்கினார்கள். புது ஸ்கேனர் முன்னைவிட இனிமையாக பீப் என்றது, அவ்வளவுதான் வித்தியாசம். கடைசியில் ஒரு சனிக்கிழமை மேலாளர் ஆறு பேரையும் நிற்க வைத்துச் சொன்னார். "அடுத்த வெள்ளிக்கிழமை நானே வந்து நின்னு பார்ப்பேன். அன்னைக்கும் பெல்ட் நின்னுச்சுன்னா, அதுக்கடுத்த திங்கட்கிழமையிலேருந்து வேற ஆளுங்க."

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் வெடித்தது. அக்கா எதற்கோ கீழே வந்தாள். என் மனைவி பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். துலக்குகிற சத்தத்திலேயே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது, நான் மெல்ல வெளியே நழுவப் பார்த்தேன், முடியவில்லை.

"அண்ணி, ஸ்கேனரை அழுத்தறது மட்டும்தான் எங்க கையில. பச்சை விளக்கு போடறது உங்க கம்ப்யூட்டர். அது வர்ற வரைக்கும் நாங்க நிக்கத்தானே முடியும்?"

"என் டேட்டாபேஸ்ல எதைத் தேடினாலும் பட்டுனு வருது. வேணும்னா மேல வந்து நீயே பாரு" என்றாள் அக்கா.

"நாங்க எங்க அண்ணி தேடறோம்? நாங்க உள்ள போடறோம்."

"போடறது என்ன பெரிய வேலை? ஒரு வரி எழுதணும், அவ்ளோதான். ஸ்கேனரைச் சரியாப் பிடிச்சீங்கன்னா…"

மணிக்கட்டு என்ற வார்த்தை வருவதற்குள் என் மனைவி ஒரு குண்டானைக் கீழே போட்டாள். கை தவறி விழுந்ததாக அவள் இன்றும் சொல்கிறாள். அக்கா விறுவிறுவென்று மாடி ஏறிப் போய்விட்டாள். அன்று மாலை தண்ணீர் மோட்டார் போடச் சொல்வதற்குக்கூட இருவரும் நேராகப் பேசவில்லை. "உங்க அக்காவை மோட்டார் போடச் சொல்லுங்க" என்று இவள் சொல்ல, "மோட்டார் போட்டாச்சுன்னு சொல்லுடா" என்று அவள் சொல்ல, நான் படிக்கட்டில் ஏறி இறங்கியே ஓய்ந்துபோனேன். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யார் மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை.

திங்கட்கிழமை அக்கா யாரும் எதிர்பார்க்காத ஒன்றைச் செய்தாள். நேராகப் பெல்ட்டுக்குப் போய் என் மனைவி முன்னால் கையை நீட்டினாள். "குடு அதை. எவ்ளோ நேரம் ஆகுதுன்னு நானே பார்க்கறேன்." அத்தனை வருடத்தில் அவள் ஒரு பெட்டியைக்கூடக் கையால் பதிந்ததில்லை. தகரக் கூரைக்கு அடியில் எப்போதாவது வந்தாலும் கைக்குட்டையால் விசிறிக்கொண்டு போய்விடுவாள்.

ஸ்கேனரை வாங்கினாள். முதல் பெட்டி வந்தது. பீப். அக்கா விளக்கைப் பார்த்தாள். விளக்கு எரியவில்லை. ஸ்கேனரைப் பார்த்தாள், மறுபடி விளக்கைப் பார்த்தாள். தான் சரியாக அழுத்தவில்லை போலிருக்கிறது என்று நினைத்து இன்னொரு தடவை அழுத்தினாள்.

"அய்யோ, மறுபடி அழுத்தாதீங்க அண்ணி, ஒரே பெட்டி ரெண்டாப் பதிவாயிடும்!" என்று என் மனைவி கத்துவதற்குள் மூன்றாவது தடவையும் அழுத்திவிட்டாள். அதற்குள் பின்னால் வந்த பெட்டி முன்னால் நின்ற பெட்டியை முட்டியது. அதை இன்னொன்று முட்டியது. அக்கா ஒரு கையால் பெட்டிகளைத் தடுத்துக்கொண்டு, இன்னொரு கையில் ஸ்கேனரோடு விளக்கையே வெறித்துக்கொண்டு நின்றாள். பெல்ட் நின்றது. சங்கு ஊதியது. கிடங்கே திரும்பிப் பார்த்தது.

வரிசையின் கடைசியில் நின்ற பெண் வாய்த்துடுக்குக்காரி. "மேடம், மணிக்கட்டைக் கொஞ்சம் இடது பக்கமா சாய்ச்சுப் பிடிக்கணும்" என்றாள். ஆறு பேரும் சிரித்துவிட்டார்கள். அக்கா சிரிக்கவில்லை. ஸ்கேனரை என் மனைவியின் கையில் பத்திரமாகக் கொடுத்துவிட்டு, லிஃப்ட் பக்கம் திரும்பாமல் படியேறி மேலே போனாள்.

சாயங்காலம் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினாள். உள்ளே வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். என் மனைவி சமையலறையை விட்டு வெளியே வரவில்லை, ஆனால் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது, அதனால் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

"நான்தான்டா" என்றாள் அக்கா.

"என்ன நீதான்?"

"பெல்ட் மெதுவானதுக்குக் காரணம். அவங்க கையுமில்ல, ஸ்கேனருமில்ல. நான்தான்."

எனக்குத் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. எனக்கு எதையாவது விளக்க வேண்டும் என்றால் அக்கா சமையலறைக்குப் போய்விடுவாள். அன்றும் என் மனைவியைத் தாண்டிப் போய் எங்கள் டப்பாக்களை இழுத்தாள். அவை அகர வரிசையில் இல்லை என்பதை அந்த வேதனையிலும் கவனித்தாள், வாயைத் திறக்கவில்லை.

"அத்தான் ஸ்கூட்டர் பெட்டியில ஒரு சாமானைப் போடறார்னு வை. திறந்து போட்டா முடிஞ்சுது. ஆனா எடுக்கறப்போ எல்லாத்தையும் கொட்டணும். அதனாலதான் இண்டெக்ஸ் வேணும். சரியா? நம்ம வீட்டுல அவர் எள் வாங்கிட்டு வந்தா என்ன ஆகுது?"

"அவர் எள் வாங்கறதையே விட்டுடுவார்" என்றேன்.

"அடுக்கில நடுவுல இடம் பண்ணணும். இடம் இல்லேன்னா அடுக்கை ரெண்டாப் பிரிக்கணும். அப்புறம் ஒவ்வொரு அட்டைப் பெட்டியிலயும் போய்ச் சொருகணும். நான் இத்தனை வருஷமா கீழ இவங்க ஒரு பெட்டிக்கு ஒரு வரிதான் எழுதறாங்கன்னு நினைச்சுட்டு இருந்தேன். ஒரு பெட்டி வந்தா பதினாலு இடத்துல எழுதணும்டா. பெட்டி எண் பரவாயில்ல, அது வரிசையா ஏறிட்டே போகுது, புதுசு எப்பவும் கடைசியில போய் உட்காந்துக்கும். போன் நம்பர் அப்படியா? ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மூலைக்கு ஓடும். கோடிக்கணக்கான பெட்டி சேர்ந்து போச்சு. ஒவ்வொரு தடவையும் சரியான அடுக்கைத் தேடிப் போய், எடுத்து, நடுவுல நுழைச்சு, நிரம்பியிருந்தா பிரிச்சு… பதினாலு இடத்துலயும் முடிஞ்சாதான் பச்சை விளக்கு."

"இது முன்னாடியே உனக்குத் தெரியாதா?"

"படிச்சிருக்கேன். பரீட்சையில எழுதியிருக்கேன்." அக்காவின் முகம் கறுத்துவிட்டது. "ஒவ்வொரு இண்டெக்ஸ் போடறப்பவும் சோதிச்சுத்தான் பார்த்தேன். மேல ஒரு சின்ன கம்ப்யூட்டர்ல, கொஞ்சம் பெட்டியை மட்டும் வெச்சு. தேடற நேரம் எவ்ளோன்னு அளந்தேன். போடற நேரத்தை எங்கிட்ட யாரும் கேட்டதே இல்ல, நானும் யாரையும் கேட்டதில்ல."

என் மனைவி அடுப்புப் பக்கம் திரும்பி நின்றபடியே, "நான் சொன்னேனே அண்ணி" என்றாள். குரலில் சண்டை இல்லை. அழுகை மாதிரி இருந்தது. "சொன்னம்மா. எனக்குத்தான் காதுல விழல" என்றாள் அக்கா. இரண்டு பேரும் நேராகப் பேசிக்கொண்டதில் எனக்கு ஏற்பட்ட நிம்மதி கொஞ்சநஞ்சமில்லை.

காரணம் தெரிந்துவிட்டது, இனி எடுத்துவிட வேண்டியதுதானே என்று நான் நினைத்தேன். குழாய்க்காரன் புத்தி அப்படித்தான் போகும். ஆனால் பெட்டி எண் போக மீதிப் பதின்மூன்று இண்டெக்ஸில் ஒவ்வொன்றுக்கும் ஒரு சொந்தக்காரர் இருந்தார். செவ்வாயும் புதனும் அக்கா அறை அறையாக ஏறி இறங்கினாள். கணக்குப் பிரிவுக்காரர் அவள் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். "ரொம்ப நியாயம் மேடம். கண்டிப்பா எடுத்துடுங்க. எங்களோடதை மட்டும் விட்டுட்டு" என்றார். எடைக்காரர், "அந்தப் பிறந்த தேதியெல்லாம் எதுக்கு மேடம் நமக்கு? முதல்ல அதைத் தூக்குங்க" என்றார். பிறந்த தேதி அம்மாவோ, "எடையைத் தேடி யார் என்ன பண்ணப்போறாங்க?" என்று கேட்டார். நிறத்துக்காக மட்டும் யாரும் வாதாடவில்லை. அதிலும் ஒருவர், பழைய மேலாளர் திரும்பி வந்துவிட்டால் என்ன செய்வது என்று கவலைப்பட்டாராம்.

வியாழக்கிழமை சாயங்காலம் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"என்ன ஆச்சு?"

"எல்லாரையும் கேட்டாச்சு. ஒவ்வொருத்தரும் மத்தவங்களோடதை எடுக்கச் சொல்லிட்டாங்க. அதனால எல்லார் சொன்னதையும் அப்படியே கேட்கலாம்னு முடிவு பண்ணிட்டேன்."

நான் வாய்விட்டுச் சிரித்தேன். அவளும் கொஞ்சம் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

"அந்தப் போன் நம்பர் இருக்கே, அதுதான்டா எல்லாத்தையும்விடப் பெரிய பாரம். பன்னெண்டை எடுத்துட்டு அதை மட்டும் விட்டுப் பார்த்தேன். பெரிய கம்ப்யூட்டரோட நகல் ஒண்ணை வெச்சு, இந்தத் தடவை போடற நேரத்தை அளந்தேன். நாளைக்கு அந்த வேகம் பத்தாது."

"அப்போ அதையும் எடு."

"சொல்லிட்ட சுலபமா. அதை வெச்சுத்தான் என்னை அங்க எல்லாருக்கும் தெரியும். அது போச்சுன்னா நான் அங்க யாருடா?"

அவள் அப்படிக் கேட்டு நான் பார்த்ததே இல்லை. எல்லாப் பொருளும் எங்கே இருக்கிறது என்று தெரிந்த என் அக்கா, தான் எங்கே நிற்கிறோம் என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தது எனக்குத் தாங்கவில்லை. அப்போது என் மனைவி வாசலுக்கு வந்தாள். எவ்வளவு நேரம் கேட்டுக்கொண்டிருந்தாளோ.

"அண்ணி, அதை வேணா விட்டுடுங்க. நாங்க கொஞ்சம் வேகமா கையை ஆட்டிச் சமாளிச்சுக்கறோம்."

அக்கா அவளை நிமிர்ந்து பார்த்தாள். "கைக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லம்மா" என்று சொல்லிவிட்டு எழுந்து மாடிக்குப் போய்விட்டாள். அவள் என்ன செய்யப்போகிறாள் என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. என் மனைவி அன்று சரியாகச் சாப்பிடவில்லை. வேலை போனால் இந்த வயதில் யார் கூப்பிட்டு வேலை கொடுப்பார்கள் என்று ஒரே கேள்வியை என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டாள்.

வெள்ளிக்கிழமை நடந்ததை நான் நேரில் பார்க்கவில்லை. அன்று எனக்கு ஒரு வீட்டில் தொட்டி கழுவும் வேலை. ஆனால் என் மனைவி நடித்தே காட்டிவிட்டாள், அதனால் பார்த்த மாதிரிதான்.

காலையில் லாரி வந்தது. மேலாளர் ஸ்டாப் வாட்ச்சோடு பெல்ட் ஓரத்தில் நின்றார். முதல் பெட்டியை இவள் சுட்டாள். பீப் என்ற சத்தம் முடிவதற்குள் பச்சை விளக்கு எரிந்தது. விளக்குதான் கெட்டுவிட்டது என்று நினைத்து இவள் பெட்டியைத் தள்ளாமலேயே நின்றாளாம். இரண்டாவது ஆளுக்கும் எரிந்தது. ஆறு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு பெட்டிகள் ஓட ஆரம்பித்தன. மாமியார் கதை கேட்க நேரமில்லை, கொட்டாவி விட நேரமில்லை. இத்தனை வருடம் விளக்குக்காகக் காத்திருந்த கைகளுக்கு இவ்வளவு வேகம் இருந்தது அவர்களுக்கே தெரியாதாம். மேலாளர் ஸ்டாப் வாட்ச்சைத் தட்டிப் பார்த்தார், காதில் வைத்துக்கூடப் பார்த்தார்.

மதியத்துக்கு முன்னால் மாடியிலிருந்து புகார்ப் பிரிவுத் தலைவர் இறங்கி வந்தார். அன்று எழுந்து வந்து அக்காவுக்குக் கை குலுக்கிய அதே மனிதர். முகம் சிவந்திருந்தது. பின்னாலேயே அக்காவும் வந்தாள். சண்டையை மேலாளர் முன்னால் வைத்துக்கொள்ளலாம் என்று அவர்தான் கூட்டி வந்தாராம்.

"சார், இவங்களைக் கேளுங்க. போன் நம்பரைப் போட்டா வரவே மாட்டேங்குது. நம்பரைத் தட்டிட்டு அது வர்ற வரைக்கும் உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கு. எங்க ஆளுங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் பெட்டி எண் கேட்டு வாங்க வேண்டியிருக்கு. மின்னல் மேடம்னு பேரு வெச்சோம், இப்ப என்னன்னா…"

மேலாளர் அக்கா பக்கம் திரும்பினார். "என்ன மேடம் இது?"

"நான்தான் எடுத்தேன் சார்" என்றாள் அக்கா. "பெட்டி எண் சொன்னா இப்பவும் உடனே வரும். போன் நம்பர்னா காத்திருக்கணும்."

"எவ்ளோ நேரம் மேடம் நாங்க அப்படிக் காத்துட்டு உட்கார்ந்திருக்கறது?" என்று புகார்ப் பிரிவுத் தலைவர் குரலை உயர்த்தினார்.

அக்கா அவரைப் பார்க்கவில்லை. பெல்ட் ஓரத்தில் நின்ற ஆறு பேரையும் பார்த்தாள். "நீங்க தேடறது வேகமா வரணும்னு இவங்க இத்தனை வருஷமா காத்துட்டு நின்னாங்க சார். நீங்க உட்கார்ந்துதானே காத்திருக்கப்போறீங்க?"

ஆறு பேரும் நிற்காமல் பீப், பீப் என்று சுட்டுக்கொண்டே இருந்தார்களாம். மேலாளர் பெல்ட்டைப் பார்த்தார். பெல்ட்டை நிறுத்துகிற அளவுக்கு அதில் ஒரு குவியல்கூட இல்லை. அவர் ஸ்டாப் வாட்ச்சைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, "திங்கட்கிழமை இதே ஆளுங்க வரட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"உனக்கு எப்படி இருந்துச்சு அப்போ?" என்று நான் கேட்டேன்.

"ஓன்னு அழணும் போல இருந்துச்சுங்க" என்றாள் என் மனைவி. "எங்க? அழக்கூட விடாம பெட்டி வந்துட்டே இருந்துச்சு."